அது தற்செயல் அல்ல, எங்கள் பெயர்

உலகம் ஒதுக்கிவைத்த நாட்டை ஆங்கில நாளேடுகள் 'பரையா ஸ்டேட்' என்று எழுதுகின்றன. நாங்கள் கண்டித்தால், "அது ஆங்கிலச் சொல். உங்கள் பெயரோடு எழுத்து ஒத்துப்போகிறது, அவ்வளவுதான்" என்கிறார்கள்.

அப்படி ஒத்துப்போகும் சொற்கள் உண்டு. ஆங்கிலத்தில் வலியைக் குறிக்கும் 'பெயின்' என்ற சொல்லின் அதே நான்கு எழுத்துகள் பிரெஞ்சு மொழியில் ரொட்டியைக் குறிக்கும். முன்னதன் லத்தீன் வேருக்குத் தண்டனை என்று பொருள். பின்னதன் வேருக்கு ரொட்டி என்றே பொருள். இரண்டுக்கும் உறவில்லை. அதனால் யாருக்கும் இழிவுமில்லை.

'பரையா' அப்படியா? பறையர் என்ற எங்கள் மக்களின் பெயரிலிருந்து வந்தது அது. ஆங்கில அகராதிகளே அதன் வேர் தமிழ் என்று ஒப்புக்கொள்கின்றன. சொல்லை எடுத்துப்போன ஐரோப்பியர் சாதி இழிவையும் சேர்த்தே எடுத்துப்போனார்கள். தெருநாய்க்கு அந்தப் பெயரை வைத்தார்கள். குப்பைமேட்டில் இரை தேடும் கரும்பருந்து 'பரையா கைட்' ஆனது. செம்பருந்து 'பிராமினி கைட்' ஆனது. வானத்துப் பருந்துக்கும் சாதி பார்த்த மொழியில் இந்தச் சொல்லுக்கு மட்டும் சாதி இல்லையாம்!

1893இல் இரட்டைமலை சீனிவாசன் தன் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். எங்கள் பெயரை நாங்கள் சொன்னால் அது தன்மானம். அதையே நீங்கள் வசவாக்கினால் அது சாதித்திமிர்.

பத்திரிகை ஆசிரியர்களே, தனிமைப்படுத்தப்பட்ட நாடு என்று எழுத ஆங்கிலத்தில் வேறு சொல்லா இல்லை? எங்கள் பெயரைக் கீழே வையுங்கள்.