கூண்டு வண்டியும் கணினியும்
கணினி விளையாட்டு என்றாலே பிள்ளைகளின் கண்ணையும் காலத்தையும் கெடுப்பது என நாம் முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் அது தவறுமன்று. ஆயினும் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 1971-ஆம் ஆண்டு நிகழ்ந்ததைப் பெற்றோராகிய நாம் அறிந்திருத்தல் நலம்.

ஆசிரியப் பயிற்சியிலிருந்த இளைஞர் மூவர், எட்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்திற்கென 'ஒரிகன் பாதை' என்னும் விளையாட்டை ஆக்கினர. அன்று அதற்குத் திரையுமில்லை, படமுமில்லை. தட்டச்சுப் பொறியை ஒத்த கருவியொன்று கேள்வியைத் தாளில் அச்சிடும். மாணவன் விடையைத் தட்டுவான். அவனே 19-ஆம் நூற்றாண்டின் குடும்பத் தலைவன். சேமிப்பு 900 டாலர். கூண்டு வண்டிக்கு 200 போயிற்று. மீதி 700-இல் எருதுகள், உணவு, உடை, தோட்டா அனைத்தும் வாங்கிக்கொண்டு, மேற்கு நோக்கி ஏறத்தாழ 2,000 மைல் செல்லவேண்டும். உணவில் சிக்கனம் பிடித்தால் நோய் வரும். உடையில் பிடித்தால் மலைக்குளிர் விடாது. 'மக்கள் மேற்கே குடியேறினர்' என்று பாடநூல் ஒரே வரியில் முடித்துவிடுவதை, மாணவன் கணக்குப் பார்த்துக் கவலைப்பட்டு அறிகிறான். (நம் இல்லத்தரசிகளுக்கு இக்கணக்கு புதிதன்று!) 1985-ஆம் ஆண்டுப் பதிப்பிலோ, குறைந்த பணத்துடன் உழவனாகப் புறப்பட்டுச் சேர்பவனுக்கு மதிப்பெண் மும்மடங்கு.

பிறர் நிலையில் நம்மை வைத்துப் பார்ப்பது திருச்சபைக்குப் பழக்கமானதே. புனித இஞ்ஞாசியார் தம் ஞானப் பயிற்சிகளில், பெத்லகேம் காட்சியினுள் நம்மையும் நிறுத்துகிறார். அங்கே நமக்கு அவர் தரும் இடம், திருக்குடும்பத்துக்குப் பணிபுரியும் ஏழை அடிமையின் இடம்.

எவருடைய இடத்தில் நிற்கிறோம் என்பதில்தான் சிக்கல். அந்த வண்டிகள் சென்ற நிலம் பூர்வகுடிகளுடையது. வண்டிக்குள் அமர்ந்த மாணவனுக்கோ அவர்கள் வழியில் எதிர்ப்படுவோர் மட்டுமே. இதனினும் கொடிய எடுத்துக்காட்டு உண்டு. அடிமை வாணிபத்தைக் கற்பிக்கவென 2013-இல் வந்த விளையாட்டொன்றில், ஆப்பிரிக்க மக்களைக் கட்டைகளைப்போல் கப்பலில் அடுக்கும் பகுதி இருந்தது. கண்டனம் எழுந்தபின் 2015-இல் அதனை நீக்கினர். பாடம் என்னும் பெயர் இருந்தால் போதாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ? 'ஒரிகன் பாதை'யின் 2021-ஆம் ஆண்டுப் பதிப்போ பூர்வகுடி அறிஞர்களின் ஆலோசனையுடன் உருவாயிற்று. அதில் மாணவன் பூர்வகுடி மாந்தராகவும் பயணம் செய்யலாம்.

பிள்ளை இத்தகைய விளையாட்டை முடித்தெழும்போது, "அந்த வண்டியைத் தொலைவில் நின்று பார்த்தவர் என்ன எண்ணியிருப்பார்?" என்று கேட்டுப் பார்ப்போம். உடனே விடை வராது. இரவு உணவின்போது வரக்கூடும்.