ஊரிலிருந்து வரும் பற்பமும் செந்தூரமும்

விடுமுறைக்கு ஊருக்குப் போய்வரும் நம்மவர் பெட்டியில் முறுக்கு, ஊறுகாயோடு ஒரு பொட்டலம் பற்பமோ செந்தூரமோ இருப்பது வழக்கம். மூட்டுவலிக்கு, சர்க்கரைக்கு, பிள்ளைக்குப் பசி எடுக்க என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம். "இயற்கை மருந்துதானே, என்ன செய்துவிடும்?" என்பார்கள். ஈயமும் பாதரசமும்கூட இயற்கைதான்.

பாஸ்டன் பகுதியிலுள்ள தெற்காசிய மளிகைக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்த ஆய்வொன்று 2004-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியானது. அவற்றில் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருந்தன. நாம் அரிசி பருப்பு வாங்குவது போன்ற கடைகள்தாம் அவை.

புடம் போட்டால் நஞ்சு முறிந்துவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இது பாதி உண்மை என்பது என் கருத்து. பாதரசம் கந்தகத்தோடு சேர்ந்த லிங்கம் எளிதில் கரையாது. ஆகவே உடலில் குறைவாகவே ஏறும். ஆனால் எத்தனை புடம் போட்டாலும் ஈயம் ஈயம்தான். எந்த அடுப்பும் ஒரு தனிமத்தை வேறொன்றாக மாற்றாது. தங்க ரேக்கு வயிற்றில் கரையாமல் அப்படியே வெளியேறிவிடும். ஈயமோ கால்சியத்தைப் போல எலும்பில் போய் உட்கார்ந்துகொண்டு, ஆண்டுக்கணக்கில் இரத்தத்தில் கசியும்; கர்ப்பிணியிடமிருந்து வயிற்றிலுள்ள சிசுவுக்கும் போகும். சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். நாக்கும் நமக்குக் காட்டிக்கொடுக்காது, சில ஈய உப்புகள் இனிக்கவே செய்யும்!

பெயரிலும் குழப்பம் உண்டு. சித்த மருத்துவத்தில் நாகம் என்றால் துத்தநாகம். ஆயுர்வேதத்தில் அதே பெயர் ஈயத்தைக் குறிக்கும்.

சித்த மருத்துவத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. என்ன உலோகம், எவ்வளவு, யார் சோதித்தது என்று கேளுங்கள் என்கிறேன். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பற்ப, செந்தூரங்கள் வேண்டவே வேண்டாம்.

ஏற்கெனவே சாப்பிட்டு வருபவர்கள், மருத்துவர் என்ன நினைப்பாரோ என்று மறைக்காமல் பொட்டலத்தையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். இரத்தத்தில் ஈய அளவைப் பார்ப்பது எளிய சோதனைதான்.

சொல்ல மறந்துவிடக்கூடாத இன்னொன்று: அம்மாவின் இரும்புச்சத்து மாத்திரை. மிட்டாய் என்று நினைத்துக் குழந்தை நாலைந்தை விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். உயரத்தில் பூட்டி வையுங்கள். அப்படி ஏதும் நடந்தால், அமெரிக்காவில் 1-800-222-1222 என்ற நச்சு உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை.