அகப்பை பெரிதானால் சோறு பெருகுமா?

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. ஹற்றனில் உள்ள எமது இல்லத்தின் முன்னே காலை எட்டு மணியளவில் ஒரு கார் வந்து நின்றது. நின்றது என்பதைக் காட்டிலும், இருமி இளைத்து ஓய்ந்தது என்பதே பொருந்தும். பின்குழாயிலிருந்து கரும்புகை எழுந்தது. பெற்றோல் நெடி விறாந்தை வரையில் வந்து, எமது கையிலிருந்த தேநீரின் மணத்தை விரட்டியது.

காரிலிருந்து இறங்கியவர் பல ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் விஞ்ஞானம் பயின்ற மாணவர். பொல்பிட்டியவுக்கு மேலேயுள்ள தோட்டமொன்றின் லயத்திலே பிறந்தவர். கித்துல்கலைக்கு வரும் உல்லாசப் பயணிகளை ஹற்றனுக்கும் நுவரெலியாவுக்கும், பருவகாலத்தில் சிவனொளிபாத மலையடிவாரத்துக்கும் ஏற்றிச் செல்வது அவரது தொழில். 1500 சி.சி. எஞ்சின் கொண்ட அந்த ஜப்பானியக் கார் ஒன்றே அவருடைய குடும்பத்தின் வயல்.

"சேர், ஒரு யோசனை கேட்க வந்தேன். முதலிலேயே வந்திருக்க வேண்டும்" என்றார். அவர் முகத்திலே ஊக்கமில்லை. உள்ளே அழைத்து அமரச் செய்து கதையைக் கேட்டோம்.

நான்கு பேரும் அவர்களது பொதிகளும் ஏறினால், கினிகத்தேனைக்கு மேலே கார் இழுக்கமாட்டாமல் திணறுகிறது. இதைவிடப் பெரிய கார் வாங்குவதற்கு வசதியில்லை. 2020ஆம் ஆண்டிலே வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025இலேதான் மீண்டும் வழி திறந்தது. அந்த இடைக்காலத்தில் பழைய கார்களும் பொன்விலை பெற்றதை யாவரும் அறிவோம். ஆகவே, இருக்கும் எஞ்சினுக்கே வலுவூட்டலாமென எண்ணினார். நகரத்துக் கராஜ் ஒன்றிலே, "இன்ஜெக்டரைப் பெரிதாகப் போட்டால் பெற்றோல் அதிகம் பாயும், பெற்றோல் அதிகம் பாய்ந்தால் இழுவை தானாகக் கூடும்" என்று சொன்னார்களாம். தாயார் கொழுந்து பறித்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய இரண்டு பவுண் சங்கிலி அடகுக்குப் போயிற்று. நான்கு புதிய இன்ஜெக்டர்கள் காரிலே ஏறின.

"ஓடிப் பார்த்தீரா?" என்றோம்.

"முதல் இரண்டு நாளும் பறந்தது போலத்தான் இருந்தது, சேர்."

பணம் செலவழித்தவனுக்கு வண்டி இரண்டு நாள் பறக்கத்தான் செய்யும்! மூன்றாம் நாள் கரும்புகை தோன்றியது. சந்திகளிலே நிற்கும்போது எஞ்சின் நடுங்கியது. பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் அடுப்புக்கரி போல இருந்தன. நுவரெலியாவுக்கு ஏறியபோது நிலைமை இன்னும் மோசமாயிற்று. முன்னர் நிரப்பிய அளவு பெற்றோல் இப்போது முக்கால் வழியிலே தீர்ந்துவிடுகிறது. 2022ஆம் ஆண்டில் பெற்றோலுக்காக இரவும் பகலும் வரிசையில் நின்றவருக்கு, அதே பெற்றோல் புகையாய்ப் போவதைக் காண எப்படி இருக்கும்?

இந்த மாணவரைப் போல எண்ணுவோர் பலர் இருக்கக் கூடுமாதலால், அவருக்குச் சொன்னதை வாசகர்களுக்கும் சொல்கிறோம்.

இன்ஜெக்டர் என்பது எரிபொருளைப் பீச்சும் ஒரு சிறு குழல். அதன் உள்ளே மின்காந்தத்தால் திறந்து மூடும் ஊசி ஒன்று உண்டு. ஒவ்வொரு முறையும் அது திறந்திருப்பது ஒரு விநாடியின் ஆயிரத்திற் சில பங்கு நேரமே. எவ்வளவு நேரம் திறக்கவேண்டும் என்பதைக் காரிலுள்ள கணினி கணக்கிட்டுக் கட்டளையிடும். முற்காலத்தில் இவ்வேலையைக் கார்புரேற்றர் செய்தது. 1967ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பொஷ் நிறுவனம் மின்னணுவால் இயங்கும் பெற்றோல் பீச்சுமுறையை வொக்ஸ்வாகன் 1600 காரிலே புகுத்தியது. அதன்பின் மெல்ல மெல்லக் கார்புரேற்றர் விடைபெற்றது.

பீச்சுகின்ற பெற்றோல் தனியே எரியாது. அதற்குக் காற்று வேண்டும். ஒரு கிராம் பெற்றோல் முற்றாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்றுத் தேவை. இதை அளவிலே சொன்னால் வியப்பாக இருக்கும்: ஒரு லீற்றர் பெற்றோலுக்குக் கடல் மட்டத்திலே ஏறத்தாழ 9000 லீற்றர் காற்று! காரிலே நாம் காசு கொடுத்து ஏற்றுவது பெற்றோலை. எஞ்சின் உண்ணும் உணவிலே பெரும்பகுதியோ காசின்றிக் கிடைக்கும் காற்று.

டர்போ பூட்டிய எஞ்சினிலே ஒரு விசிறி காற்றை அமுக்கி உள்ளே திணிக்கும். எம் மாணவரின் காரிலே அது இல்லை. அது தானே மூச்சிழுக்கும் எஞ்சின். ஆடுதண்டு கீழிறங்கும்போது வெளியிலுள்ள காற்று எவ்வளவு நுழையுமோ, அவ்வளவே அதன் பங்கு.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். 1500 சி.சி. எஞ்சின் நிமிடத்துக்கு 6000 முறை சுழன்றால், இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை மூச்சிழுப்பதால், நிமிடத்துக்கு அதிகம் போனால் 4500 லீற்றர் காற்றை உள்ளிழுக்கும். அதற்கு ஏற்ற பெற்றோல் அரை லீற்றர். நான்கு இன்ஜெக்டர்களுக்கும் பகிர்ந்தால் ஒவ்வொன்றுக்கும் 125 சி.சி. முழு வலுவுக்குச் சற்றுச் செழிப்பான கலவை வேண்டும். அதேவேளை, உருளைகள் முழுவதும் நிரம்புவதுமில்லை. இவ்விரண்டும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். இத்தகைய கார்களுக்குத் தயாரிப்பாளர் பொருத்தும் இன்ஜெக்டர்கள் இதற்கு மேலும் பீச்ச வல்லவை. எம் மாணவர் வாங்கியவையோ நிமிடத்துக்கு 300 சி.சி. பீச்சுபவை. சட்டியிலே இருந்தால்தானே அகப்பையிலே வரும்? இவர் சட்டியை அப்படியே வைத்துக்கொண்டு அகப்பையை மட்டும் மாற்றினார்.

மலைநாட்டிலே இது இரட்டிப்பு உண்மை. ஹற்றன் ஏறத்தாழ 1270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா ஏறத்தாழ 1870 மீற்றர். ஏற ஏறக் காற்று மெலியும். கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால் ஹற்றனிலே காற்றழுத்தம் ஏழிலொரு பங்கு குறைவு. நுவரெலியாவிலே ஐந்திலொரு பங்கு குறைவு. அங்கே ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 9000 அல்ல, 11000 லீற்றர் காற்றுத் தேவைப்படும். எஞ்சின் இழுப்பதோ அதே 4500 லீற்றர்தான். ஆகவே நுவரெலியாவிலே இன்ஜெக்டருக்கு வேலை குறைகிறதேயன்றிக் கூடுவதில்லை.

எமது அயலவர் ஒருவர் தோட்டத்து லொறிகளைத் திருத்தி முதுமையடைந்தவர். பேச்சைக் கேட்டு வேலியோரம் வந்தவர் சிரித்தார். "தம்பி, கார்புரேற்றர் காலத்திலே கொழும்பிலிருந்து வண்டி மேலே வந்தால் சின்ன ஜெற் போட்டுக் கொடுப்போம். நீங்கள் பெரிசு போட்டிருக்கிறீர்களே!" என்றார். பெற்றோல் சொட்டும் துளையே ஜெற். மெலிந்த காற்றுக்கு எரிபொருளைக் குறைக்க வேண்டுமென்பதை அவர் புத்தகத்திலே படித்தவரல்லர். கரி பிடித்த பிளக்குகளிடம் படித்தவர்.

"அப்படியானால் கணினி ஏன் சரிசெய்யவில்லை?" என்று மாணவர் வினவினார். நல்ல வினா. புகைக்குழாயிலுள்ள ஒட்சிசன் உணரி, கலவை செழித்திருப்பதைக் கணினிக்கு அறிவிக்கும். கணினியும் ஓரளவு குறைக்கும். ஆனால் அதற்கு எல்லை உண்டு. வண்டி நிற்கும்போது மிகச் சிறிதளவே பெற்றோல் வேண்டும். பெரிய இன்ஜெக்டரால் அவ்வளவு சிறிய துளியை அளந்து கொடுக்க இயலாது, ஆகவே நடுக்கம். ஏற்றத்திலே காலால் முழுதும் மிதிக்கும்போது பெரும்பாலான கணினிகள் உணரியின் சொல்லைக் கேளாமல் தம் பழைய அட்டவணைப்படியே கட்டளையிடும். அந்த அட்டவணை சிறிய இன்ஜெக்டருக்கு எழுதப்பட்டது, ஆகவே கரும்புகை. எரியாத பெற்றோல் உருளைச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவி, எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும். இப்படியே சில மாதம் ஓடினால் எஞ்சினே தேய்ந்துவிடும்.

பொல்பிட்டியவிலே பிறந்தவருக்கு வேறு உவமை வேண்டுமா? கெஹல்கமு ஓயாவினதும் மஸ்கெலியா ஓயாவினதும் நீர் பாயும் அவ்வூரிலே, 1969ஆம் ஆண்டு முதல் இயங்கும் மின் நிலையம் உண்டு. தொடக்கத்தில் அதன் வலு 75 மெகாவாட். பின்னர் யந்திரங்கள் புதுப்பிக்கப்பட்டு 90 மெகாவாட் ஆயிற்று. புதிய யந்திரம் வருகின்ற நீரை மேலும் நன்றாகப் பயன்படுத்தும், மழையை வரவழைக்காது. ஆறு வற்றினால் 90உம் வாளாவிருக்கும்.

பெரிய இன்ஜெக்டர் எங்குமே வேண்டாததன்று. டர்போ பூட்டியவர்களுக்கு வேண்டும். தானே மூச்சிழுக்கும் எஞ்சினிலும், வால்வு வழிகளை அகலமாக்கிக் கமிதண்டை மாற்றி அதிகக் காற்றை உள்ளே விட்டவர்களுக்கு வேண்டும். எதனோல் மிகுதியாகக் கலந்த எரிபொருள் விற்கும் நாடுகளிலும் வேண்டும். 1934ஆம் ஆண்டிலே தொடங்கிய நுவரெலியா மகாகஸ்தொட்ட மலையேற்ற ஓட்டப் போட்டியைப் பார்த்து இளைஞர் மயங்குவது இயல்பே. ஆனால் போட்டிக்காரர் முதலிலே காற்றுக்கு வழி செய்து, பின்பு எரிபொருளைக் கூட்டி, அதற்கேற்பக் கணினியின் அட்டவணையையும் திருத்துவர். வரிசை மாறினால் பயனில்லை.

இனி, செய்யத்தக்கது யாது? பழைய இன்ஜெக்டர்கள் பிஸ்கற் தகரமொன்றிலே பத்திரமாக இருந்தன. அவற்றை ஒலியதிர்வினால் கழுவி, நான்கு கண்ணாடிக் குழாய்களிலே பீச்ச விட்டு, நான்கும் ஒரே அளவு பீச்சுகின்றனவா என்று பார்க்கும் யந்திரம் நகரத்துக் கராஜ்கள் சிலவற்றிலே உண்டு. அவ்வாறு பார்த்ததில் ஒன்று மற்ற மூன்றைவிடக் குறைவாகப் பீச்சியது தெரிந்தது. கழுவியபின் சமமாயிற்று. காற்று வடிகட்டியும் தேயிலைத் தூசியால் அடைபட்டிருந்தது. அதையும் பிளக்குகளையும் எஞ்சின் எண்ணெயையும் மாற்றினார். முன்பு திணறியதற்கு இவையும் காரணமாகலாம் என்பதை எவரும் அவருக்குச் சொல்லவில்லை.

இப்போது புகை இல்லை, நடுக்கமும் இல்லை. நுவரெலியா ஏற்றத்திலே கார் இன்னமும் மெதுவாகவே ஏறுகிறது. அது மலை வாங்கும் வரி, கட்டியே தீரவேண்டும். மூவரை மட்டும் ஏற்றிக்கொண்டு, முன்கூட்டியே கியரைக் குறைத்து ஓட்டுகிறார். புதிய இன்ஜெக்டர்களை டர்போக் கார் வைத்திருக்கும் ஒருவர் பாதி விலைக்கு எடுத்தார். சங்கிலி இன்னும் அடகிலே இருக்கிறது.

விடைபெறும் வேளையிலே அவர் சொன்ன ஒரு சொல் எம்மை விட்டு அகலவில்லை. "சேர், மலையிலே காற்றழுத்தம் குறையும் என்று நீங்கள்தான் படிப்பித்தீர்கள். பரீட்சையிலே எழுதிப் புள்ளியும் வாங்கினேன். அது என் காருக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை."

குற்றம் அவருடையதா? கரும்பலகையிலே பாதரசக் குழாய் வரைந்து காட்டினோம். ஜன்னலுக்கு வெளியே ஏற்றத்திலே திணறிக்கொண்டு போன பஸ்ஸை ஒருநாளும் காட்டினோமில்லை. இந்தத் தவணையிலே அப்பாடம் வந்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, இரண்டு பவுண் சங்கிலியின் கதையிலிருந்தே தொடங்கினோம். பின்வரிசையிலே வழக்கமாக உறங்கும் மாணவர் இருவர் அன்று உறங்கவில்லை.