காண்டலும் காத்தலும்

பார்க்கின்றவன் காக்கின்றான் என்று கருதுவது இக்காலத்தோர் வழக்கமாயிற்று. கடைத்தெருவிலும் மாளிகை வாயிலிலும் காமிராவைப் பொருத்திவிட்டால் தீங்கு அணுகாது எனப் பலரும் நம்புகின்றனர். இந்நம்பிக்கை எத்துணை வலியற்றது என்பதை ஒரு கணினி விளையாட்டு நன்கு விளக்குகின்றது.

அமெரிக்கராகிய ஸ்காட் காத்தன் என்பார் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஃபைவ் நைட்ஸ் அட் ஃபிரெடீஸ்' என்பதே அது. இவர் 2011-இல் ஜான் பனியனின் மோட்சப் பிரயாணத்தை விளையாட்டாக ஆக்கியவர். பின்னர் இவர் சிறுவர்க்கென இயற்றிய ஒன்றன் பாத்திரங்கள் இயந்திரப் பாவைகள்போல் அச்சுறுத்துகின்றன என்று பிறர் குறை கூற, அக்குறையையே கருவாகக் கொண்டு இதனை அமைத்தார்.

விளையாடுவோன் ஓர் உணவுச்சாலையின் இராக்காவலன். சிறுவரை மகிழ்விக்க அமைக்கப்பட்ட கரடி, முயல், கோழி, நரி என்னும் இயந்திரப் பாவைகள் இரவில் உலாவி அவனைக் கொல்ல வருகின்றன. நள்ளிரவு 12 மணி முதல் காலை 6 மணி வரை அவன் இருக்கையைவிட்டு எழ இயலாது. அவனுக்குத் துணையாவன காமிராக்களும், இரு கதவுகளும், அவற்றருகே உள்ள விளக்குகளுமே. இவற்றை இயக்கும் மின்சாரமோ அளவிட்டுத் தரப்பட்டது. காமிராவை நோக்குந்தோறும் அது குறையும். முற்றுந் தீரின் கதவுகள் திறந்துகொள்ளும்.

முயலும் கோழியும் காணப்படுவதனால் நின்றுவிடுவதில்லை. அவற்றைத் தடுப்பது கதவே. கரடியும் நரியும் பார்வைக்குச் சிறிது தயங்கும். ஆயினும் அப்பார்வைக்கும் விலையுண்டு. ஆங்கில அறிஞர் ஜெரமி பெந்தாம் 1791-இல் வெளியிட்ட சிறைத்திட்டத்தில் காணப்படுவோன் நடுங்குவான். இங்கோ காண்போன் நடுங்குகின்றான்.

இது கூச்சலிட்டு வெருட்டும் அற்ப வேடிக்கை என்பர் சிலர். கூச்சல் உண்டு, மெய்யே. ஆயினும் இதன் அச்சம் கூச்சலினின்று பிறப்பதன்று; தீங்கு வருவதைக் கண்டும் எழுந்து செல்லவியலாத நிலையினின்று பிறப்பது.

அன்றியும், பாவைகள் உலாவுவதை உணவுச்சாலையார் அறிவர். அவற்றைச் செப்பனிடாது, ஓர் ஏழையைக் கூலிக்கு அமர்த்தி, மின்சாரத்தையும் சுருக்கினர். ஐந்து இரவு உயிர்பிழைத்தவன் பெறும் கூலி 120 டாலர். இங்கே காமிரா காவலுக்கன்று. கடமையைச் செய்யாமைக்குத் திரையாயிற்று.

காமிராவே வேண்டா என்பது என் கருத்தன்று. இருண்ட தெருவிற்கு விளக்கும், பழுதுற்ற கதவிற்குத் தாழும், தனித்திருக்கும் காவலனுக்குத் துணையும் அளித்தபின் அதனைத் தேடுவதே முறை. நல்ல மேய்ப்பன் மந்தையைப் பார்த்திருப்பவன் மட்டுமல்லன். ஓநாய் வருங்கால் எழுந்து நிற்பவன். எழாத கண்கள் ஆயிரம் இருப்பினும் மந்தைக்கு அவற்றாற் பயனென்னை?