பழைய இழைப்பு மெஷினுக்கு யார் விலை சொல்வது?

பழைய மரவேலை இயந்திரம் வாங்கப் போகிறவர் காதில் முதலில் விழுவது, "புதுசு விலையில பாதி" என்ற கணக்கு. ஐந்து வருடம் ஓடியதற்கும் பாதி, பதினைந்து வருடம் ஓடியதற்கும் பாதி. பேரம் பேசினால் சில ஆயிரம் குறையும், கூடவே ஒரு டீ கிடைக்கும். ஏன் பாதி என்று கேட்டால் தரகரும் பதில் சொல்வதில்லை, விற்பவரும் சொல்வதில்லை. "ஓடுது பாருங்க, எடுத்துக்குங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

வேடிக்கை என்னவென்றால், தன் வருமானம் என்று வரும்போது அரசாங்கம் இந்தக் கணக்கைக் கறாராகவே போட்டு வைத்திருக்கிறது. வெளிநாட்டுப் பழைய இயந்திரம் துறைமுகத்தில் இறங்கினால் சுங்கத்துறை பட்டயப் பொறியாளரின் ஆய்வறிக்கையைக் கேட்கிறது. எந்த ஆண்டு செய்தது, அப்போது என்ன விலை, இப்போது எந்த நிலையில் இருக்கிறது, இன்னும் எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்க வேண்டும். தேய்மானத்துக்கும் அங்கே நெடுநாளாக ஒரு வாய்பாடு உண்டு: முதல் ஆண்டில் காலாண்டுக்கு 4 சதவீதம், இரண்டாம் ஆண்டில் 3, மூன்றாம் ஆண்டில் 2.5, அதன்பின் 2. எப்படியும் 70 சதவீதத்துக்கு மேல் கழிக்கக் கூடாது. கூட்டிப் பார்த்தால் ஏழாம் ஆண்டின் முடிவில் இயந்திரத்தின் மதிப்பு 30 சதவீதத்தில் வந்து நிற்கும். வருமான வரிச் சட்டம் வேறு வழியில் போகிறது. ஆண்டுதோறும் மிச்ச மதிப்பில் 15 சதவீதத்தைக் கழிக்கச் சொல்கிறது. அதன்படி ஏழாண்டு முடிவில் மிஞ்சுவது சுமார் 32 சதவீதம். இரண்டு துறைகள், இரண்டு வழிகள், விடை கிட்டத்தட்ட ஒன்று. "பாதி விலை" இந்த இரண்டு கணக்கிலும் நான்கு வயது இயந்திரத்துக்குத்தான் பொருந்துகிறது.

ஆனால் வார்ப்பிரும்புக்கு வரிக்கணக்கு தெரியாது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் ஆலிவர் நிறுவனம் இரண்டாம் உலகப் போருக்கு முன்பு வார்த்த இழைப்பு இயந்திரங்கள், பேரிங் பார்த்துக் கொடுத்தால் இன்றும் பலகையை நேராகத் தள்ளுகின்றன. நம் ஊர்ப் பட்டறைகளிலும் அப்பா வாங்கிப் போட்ட மெஷினில் மகன் வேலை பார்ப்பது புதிதல்ல. கணினி வைத்த இயந்திரங்களின் கதை வேறு. எட்ஜ் பேண்டர், சி.என்.சி. ரவுட்டர் ஆகியவற்றின் இரும்பு நன்றாகவே இருக்கும். கன்ட்ரோலர் பழுதாகி, அந்த மாடலுக்கு உதிரிபாகம் நின்றுபோயிருந்தால் மொத்தமும் எடைக்குத்தான் போகும். ஆகவே இருபது வருட இழைப்பு மெஷினைத் துணிந்து பார்க்கலாம். பத்து வருட சி.என்.சி.யை, அதன் கன்ட்ரோலரைப் பழுதுபார்க்க ஆள் உண்டா என்று விசாரிக்காமல் தொடக்கூடாது.

இப்போது வாங்குகிறவருக்கு ஒரு வகையில் நல்ல காலம். வீட்டு ஜன்னலை யு.பி.வி.சி. பிடித்துக்கொண்டது, அலமாரியைப் பிளைவுட் பிடித்துக்கொண்டது. கெட்டி மரத்தை இழைத்துச் சட்டம் சேர்த்த பட்டறைகள் பேனல் சா இயந்திரத்துக்கு மாற, நல்ல இழைப்பு மெஷின்களும் பேண்ட் சாக்களும் மூலையில் சாக்கு போர்த்திக்கொண்டு நிற்கின்றன.

அவற்றில் எது நல்லது என்று கண்டுபிடிப்பதுதான் பாடு. புதுப் பெயின்ட் மினுமினுக்கும் மெஷினைச் சற்றுச் சந்தேகத்தோடு பார்ப்பதே நல்லது. வார்ப்பில் விழுந்த விரிசலும் வெல்டிங் வடுவும் அதனடியில் மறைந்திருக்கலாம். வார்ப்பிரும்பை ஒட்டுவது லேசல்ல, ஒட்டிய இடம் பழைய பலத்தோடு நிற்கும் என்று நம்பவும் முடியாது. அடுத்து மேசை. இழைப்பு மெஷினின் முன் மேசையும் பின் மேசையும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். நீளமான ஸ்டிரெய்ட் எட்ஜை மேலே வைத்து ஃபீலர் கேஜை நுழைத்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை வெளியே வந்துவிடும். நுனி தொங்கும் மேசையில் இழைத்த சட்டம் கதவு சேர்க்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும், அப்போது விற்றவர் போனை எடுக்க மாட்டார்.

மெஷின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பார்ப்பது முக்கியம். முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்தால் பல சத்தங்கள் அடங்கிப்போகும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு, கத்திகள் பூட்டிய கட்டர் பிளாக்கைக் கையால் சுற்றினால் பேரிங் கரகரப்பது விரலுக்கே தெரியும். பிறகு இருபது நிமிடம் ஓடவிட்டுப் பேரிங் இருக்கும் இடம் எவ்வளவு சுடுகிறது என்று பார்க்க வேண்டும். கையோடு கொண்டுபோன, மெஷினின் முழு அகலத்துக்கு வரும் கெட்டிப் பலகையை இழைத்துக் காட்டச் சொல்வது எல்லாவற்றையும்விட நல்ல சோதனை. சும்மா சுற்றும்போது எந்த மெஷினும் யோக்கியம்தான்.

மோட்டாரை ஆம்பியர் பார்க்காமல் வாங்கவே கூடாது. 3 ஹெச்.பி. மும்முனை மோட்டார் முழுச் சுமையில் இழுப்பது சுமார் 4.5 முதல் 5 ஆம்பியர். சுமையே இல்லாமல் அந்த அளவைத் தொட்டால் யாரோ மட்டமாகக் காயில் கட்டியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். வெளிநாட்டு இறக்குமதி என்றால் பெயர்ப்பலகையில் 60 ஹெர்ட்ஸ் என்றிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்; அமெரிக்காவும் மேற்கு ஜப்பானும் அந்த ரகம். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், சூடும் கூடும்.

பேரத்தில் யாரும் பேசாத பொருள் ஒன்று உண்டு: கை. இழைப்பு மெஷினின் கட்டர் பிளாக் பெரும்பாலும் நிமிடத்துக்கு 4,000 சுற்றுக்கு மேல் ஓடுகிறது. பழைய காலத்துச் சதுர பிளாக்குக்கும் மேசைக்கும் நடுவிலுள்ள இடைவெளி விரல்களை அப்படியே உள்ளே இழுத்தது. அதனால் கையால் மரம் தள்ளும் இழைப்பு இயந்திரங்களில் உருளை பிளாக்தான் இருக்க வேண்டும் என்று பிரிட்டன் 1922-லேயே விதி போட்டது. நம் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 26ஆம் பிரிவும், சுழலும் தண்டில் துருத்தும் திருகுகளை மூடாத இயந்திரத்தைத் தொழிற்சாலைக்கு விற்பதைக் குற்றமாக்கியது; தண்டனை 3 மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை என்பதால் சின்னப் பட்டறைகள் அப்போதே வெளியே நின்றன. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்த எண்ணிக்கை 20 ஆகியிருக்கிறது. கையைக் காக்கும் மூடியான கார்டைக் கழற்றிப் போட்ட மெஷினுக்கு விலை குறைய வேண்டும். நடப்பிலோ "வேலைக்கு வசதியா இருக்கும்" என்று அதையே சிறப்பாகச் சொல்லி விற்கிறார்கள்.

நியாய விலையை மேலிருந்தும் கீழிருந்தும் கணக்கிட்டுப் பார்க்கலாம். உதாரணத்துக்கு, வரி நீங்கலாகப் புது விலை 2,00,000 ரூபாய் என்றும், ஏழு வயதான அதே மெஷின் குறையில்லாமல் இருந்தால் அந்த ஊரில் 1,10,000 பெறும் என்றும் வைத்துக்கொள்வோம். பேரிங்கும் பிளேடும் 6,000, காயில் கட்ட 5,000, ஸ்டார்டரும் வயரிங்கும் 4,000, கார்டு 5,000, லாரியும் ஏற்றி இறக்கும் கூலியும் 8,000 என்றால் செலவு 28,000. வாங்குகிறவரின் உச்சவரம்பு 82,000. கீழே, காயலான் கடை விலை: 350 கிலோ இரும்பு, கிலோ 35 ரூபாய், மோட்டாருக்குத் தனியாக 4,000 என்றால் 16,000 சொச்சம். பேரம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்க வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் புது மெஷினின் வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம் என்பதால், வரி சேர்த்த புது விலையைக் காட்டி "பாதி" என்பது அவரிடம் செல்லாது.

நேரமும் விலையை மாற்றும். சீன மரச்சாமான்களின் வரவால் அமெரிக்காவின் வட கரோலினா, வர்ஜீனியா ஆலைகள் அடுத்தடுத்து மூடியபோது இயந்திரங்கள் கூட்டமாக ஏலத்துக்கு வந்தன. 2005-ல் சீனப் படுக்கையறைச் சாமான்களுக்குப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்டும் ஆலைகள் மூடுவது நிற்கவில்லை. இங்கே வங்கி ஏலங்களும், மத்திய அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி.யின் இணைய ஏலங்களும் உண்டு. அவற்றின் நிபந்தனைகளில் "உள்ளது உள்ளபடி" என்ற ஒற்றை வரி எல்லாப் பொறுப்பையும் வாங்குகிறவர் தலையில் கட்டிவிடும். தனியாரிடம் வாங்கினால் பில்லும், வங்கிக் கடனில் எடுத்த மெஷின் என்றால் வங்கியின் தடையில்லாச் சான்றும் இல்லாமல் பணம் கைமாறக் கூடாது.

இத்தனையும் ஒரு தச்சர் தனியாகச் செய்ய வேண்டுமா? சந்தையில் தரம் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பழைய கார்களை வைத்து 1970-ல் எழுதிக் காட்டினார் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கெர்லாஃப். 2001-ல் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். எது நல்லது என்று தெரியாத வாங்குபவர் எல்லாவற்றுக்கும் நடுத்தர விலைதான் தருவார். அந்த விலைக்கு நல்ல பொருளை வைத்திருப்பவர் விற்க மாட்டார். இழைப்பு மெஷினிலும் அதேதான். பெயின்ட் அடித்த ஓட்டை மெஷின் பாதி விலைக்குப் போகிறது. பட்டறையை மூடும் பெரியவரின் தங்கமான மெஷினை நம்பி வாங்க ஆள் இல்லாமல் காயலான் கடைக்காரர் எடைக்கு எடுத்துப்போகிறார்.

மானியத் திட்டங்களும் இந்தச் சந்தையைத் தீண்டத் தயங்கியே வந்திருக்கின்றன. 2000-ல் தொடங்கிய மத்திய அரசின் கடன் இணைப்பு மூலதன மானியத் திட்டத்தின் விதிகளில் பழைய இயந்திரத்துக்கு இடமே இருக்கவில்லை. ஊழலுக்கு வழி திறக்கும் என்ற பயம் நியாயமானதே. ஓட்டை இரும்பைப் புது விலைக்குக் காட்டி மானியம் வாங்க ஆட்கள் இருக்கிறார்கள். அதற்கு மருந்து ஆய்வுச் சான்றுதான். சுங்கத்துறை கேட்கும் அதே அறிக்கையை ஒரு பக்கமாகச் சுருக்கி, மாவட்டத்துக்கு ஓர் ஐ.டி.ஐ.யில் குறைந்த கட்டணத்துக்குக் கொடுக்கலாம். டயல் கேஜும் ஆம்பியர் மீட்டரும் அங்கே புதிதல்ல, மாணவருக்கும் அது பாடமாகும். 3 லட்சம் ரூபாய் வரை கடனும் 50,000 வரை மானியமும் தரும் தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில், அந்தச் சான்று பெற்ற பழைய மெஷினையும் வாங்கலாம் என்று வெளிப்படையாக எழுதிச் சேர்க்கலாம்.

கட்டணம் யார் தலையில் விழும் என்று தரகர்கள் கேட்பார்கள். விற்பவர் தலையில் விழட்டும். நல்ல மெஷின் வைத்திருப்பவருக்கு அது கூடுதல் விலையாகத் திரும்பி வந்துவிடும். அறிக்கையின் முதல் வரியில் கார்டு இருக்கிறதா இல்லையா என்று எழுதியிருக்க வேண்டும். மேசையும் பேரிங்கும் ஆம்பியரும் அதன் பிறகு வரட்டும்.