இரவல் முற்றத்தில் விரித்த கடை

சமூக ஊடகங்கள் வழியான சந்தைப்படுத்தல் சிறுவணிகருக்குக் கிடைத்த பெரும்பேறு என்பது இன்று முகாமைத்துவ விரிவுரைகளில் வேதவாக்காகவே வழங்கி வருகின்றது. பத்திரிகையிற் கால்பக்கம் வாங்க வகையற்றவரும் முகநூலில் ஒரு பக்கத்தைத் திறந்து ஆயிரவரை எட்டலாம். ஆதலால் முதலுடையோர், முதலற்றோர் என்ற பேதம் சந்தையில் அழிந்துவிட்டது என்பதே இக்கூற்றின் சாரம். இதன் முற்பாதி உண்மை, பிற்பாதி மயக்கம்.

வீட்டிலிருந்தவாறே உடுப்புத் தைப்போரும் பலகாரஞ் செய்வோரும் இடைத்தரகரின்றி வாடிக்கையாளரைத் தேடிக்கொள்ள இவ்வூடகங்கள் உதவியுள்ளன என்பதை மறுத்தல் இயலாது. ஆயின், ஒரு கருவியின் பயனை மதிப்பிடுவோர் அது எவர் கையில் உள்ளது என்ற வினாவையும் உடன் எழுப்புதல் வேண்டும்.

வணிகப் பக்கங்கள் கட்டணமின்றி எட்டும் தொகை குறைந்து வருவதை 2014 இல் முகநூல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2018 ஜனவரியில், நண்பர், உறவினரின் பதிவுகளுக்கு முதன்மையளித்து நிறுவனங்களின் பதிவுகளைப் பின்தள்ளப் போவதாக அது அறிவித்தது. வணிகர் தம் உழைப்பாற் சேர்த்த வாடிக்கையாளரைத் தாமே சென்றடைவதற்குப் பணம் செலுத்த நேர்ந்தது. அப்பணமும் நிலையான கட்டணமன்று, ஏலமுறையில் நிர்ணயமாவது. முதலற்றவர் முதலாளியுடன் ஒரே ஏலத்தில் நிற்பதைச் சமத்துவம் என்பது எங்ஙனம்? 2023 இல் அந்நிறுவனத்தின் தாய்க் கம்பனியான மெற்றா ஈட்டிய ஏறத்தாழ 13,500 கோடி டொலர் வருமானத்தில் 97 வீதத்துக்கும் மேற்பட்டது விளம்பரத்தினால் வந்ததே.

விற்பவர் கையிலேயே அளவுகோலும் இருக்கின்றது. காணொளி பார்ப்போர் சராசரியாகச் செலவிடும் நேரத்தை ஏறத்தாழ இரண்டாண்டுகள் மிகைப்படுத்திக் காட்டியதாக முகநூல் நிறுவனம் 2016 இல் ஏற்றுக்கொண்டது; 3 விநாடிக்குக் குறைவாகப் பார்த்தோரைக் கணக்கிற் சேர்க்காமையே காரணம். 2017 இல் புறொக்டர் அன்ட் காம்பிள் நிறுவனம் ஒரே காலாண்டில் இணைய விளம்பரச் செலவில் 10 கோடி டொலருக்கு மேற் குறைத்தும், தன் விற்பனை வளர்ச்சி பாதிப்புறவில்லை என்றது. செலவைக் குறைத்துச் சோதித்துப் பார்க்கப் பெருநிறுவனத்தால் இயலும். அன்றாட வருவாயில் வாழும் சிறுவணிகரால் இயலுமா?

பத்திரிகையும் வானொலியும் கூலி வாங்கினவேயென்று சிலர் வாதிடலாம். வாங்கின, ஆனால் விலை முன்கூட்டியே தெரிந்திருந்தது, வாடிக்கையாளர் விளம்பரகாரரின் உடைமையாகவில்லை. இன்றோ ஒரு கணக்கு முடக்கப்படின் ஆண்டுக்கணக்கிற் சேர்த்த தொடர்புகள் அத்தனையும் அதனுடன் மறைகின்றன. 2021 ஒக்ரோபர் 4 ஆம் திகதி முகநூல், வாட்ஸ்அப், இன்ஸ்ரகிராம் மூன்றும் ஏறத்தாழ ஆறு மணிநேரம் செயலிழந்தன. இலங்கையில் 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் அரசு சமூக ஊடகங்களைப் பல நாள்கள் தடைசெய்தது. அந்நாள்களில் அவற்றையே ஒரே கடைவாயிலாகக் கொண்டிருந்தோரின் நிலை எவருக்கும் விளங்கும்.

ஆகவே, சமூக ஊடகத்தைத் துறத்தல் தீர்வன்று. அதனை மட்டுமே நம்பியிருத்தலைத் துறத்தலே தீர்வு. வாடிக்கையாளரின் விபரங்களை அவர்தம் சம்மதத்துடன் வணிகரே பேணுதல், சொந்த இணையத்தளம் அமைத்தல், தனித்தனியே இயலாதவற்றைக் கூட்டுறவாகச் செய்தல் என்பன அதற்கான வழிகள். விளம்பரத்துக்கு ஏலங்கேட்கும் வித்தையை மட்டும் கற்பிக்கும் முகாமைத்துவக் கல்வி, முற்றம் எவருடையது என்று கேட்கவும் கற்பிக்க வேண்டும். அவ்வினா எழாதவரை, சிறுவணிகரின் உழைப்பு பிறர் நிலத்தில் விளைந்து பிறர் களஞ்சியத்தையே நிறைக்கும்.