தலையில் அடிபட்ட பிள்ளைக்கு மூச்சுப் பயிற்சி

சகோதரிகளே, பந்தடியிலோ சைக்கிளால் விழுந்தோ பிள்ளைக்குத் தலையில் அடிபட்டால், ஷெல்லடி கண்ட எங்களுக்கு நெஞ்சு பதறும். பயமில்லை என்று வைத்தியர் சொல்லி அனுப்பிய பின்னும் தலையிடி, தலைச்சுற்று, நித்திரையின்மை என்று பிள்ளை சொல்லும். படிக்கக் கள்ளம் என்று ஏசாதீர்கள். மூளை அதிர்ந்தால் இதயத்துடிப்பை ஆளும் நரம்புகளின் சமநிலையும் சிலருக்குக் குழம்பும். ஸ்கானில் அது தெரியாது.

முதல் 2 நாட்கள் ஓய்வு. அதற்கு மேலும் இருட்டறையில் கிடத்தி வைப்பது கூடாது. மெல்ல நடக்க விடுங்கள். அப்போது நான் தாய்மாருக்குக் காட்டிக்கொடுப்பது இதுதான்: பிள்ளை சாய்ந்திருந்து வயிற்றில் கை வைக்கட்டும். மூக்கால் 4 எண்ணும்வரை மூச்சை எடுத்து, 6 எண்ணும்வரை மெதுவாக விடட்டும். அடக்கி வைக்கத் தேவையில்லை. காலையிலும் படுக்கமுன்னும் 5 நிமிடம் போதும். தலை சுற்றினால் நிறுத்துங்கள். வளர்ந்த பெடியன்கள் வெட்கப்படுவார்கள். நீங்களும் பக்கத்தில் இருந்து செய்யுங்கள். உங்கள் படபடப்பும் கொஞ்சம் அடங்கும்.

இது மூளையை ஆற்றும் மருந்தல்ல. பதற்றத்தைத் தணித்து நித்திரைக்கு உதவும், அவ்வளவுதான். அநேக பிள்ளைகள் 4 வாரத்துக்குள் தேறிவிடுவார்கள். தேறாவிட்டால் திரும்பவும் வைத்தியரிடம் காட்டுங்கள். அவர் சொல்லும்வரை பந்தடி வேண்டாம்.

திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, வலிப்பு, எழுப்ப முடியாத மயக்கம் கண்டால் பயிற்சி ஒன்றும் வேண்டாம். உடனே 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் வரும், காசு கேட்கமாட்டார்கள்.